தொடையில் முழு அடைப்பு என்கிறார்கள், நடக்கச் சொல்கிறார்கள்: பலூன் உடனே வேண்டாமா?

சிங்கப்பூர் யீஷூனில் இருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவருக்கு வயது 61. தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறார். 17 ஆண்டுகளாக நீரிழிவு. 6 ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் பைபாஸ் அறுவை நடந்தது. அதற்காக இடது காலில் இருந்து ரத்தக்குழாய் எடுத்தார்கள். கணுக்காலில் தொடங்கித் தொடைவரை தழும்பு ஓடுகிறது. எட்டு மாதமாக அதே இடது காலில் கெண்டைச் சதை வலிக்கிறது. புளோக்கில் இருந்து எம்ஆர்டி நிலையத்துக்கு நடக்கும்போது சுமார் 150 மீட்டரில் பிடித்து இழுக்கிறது. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறது, மறுபடி நடந்தால் மறுபடி வருகிறது. உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் வலி இல்லை, காலில் புண்ணும் இல்லை.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கையில் இருந்து ஒரு வரியை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார்: ‘இடது சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல் ஆர்ட்டரி, தொடையின் நடுவுக்குக் கீழே முழு அடைப்பு. ப்ரொஃபண்டாவின் கிளைகள் வழியாக பாப்லிட்டியல் ஆர்ட்டரி மீண்டும் நிரம்புகிறது.’ கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் அளவு (எண் குறையக் குறைய ரத்த ஓட்டம் குறைவு) இடதில் 0.62, வலதில் 0.88. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சிகரெட்டை நிறுத்தச் சொல்லி, மூன்று மாதம் தினமும் நடந்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

சகோதரிக்கு இதில்தான் கோபம். ‘முழு அடைப்பு என்று எழுதிவிட்டு நடக்கச் சொல்லி அனுப்புவது என்ன வைத்தியம்? சலுகைக் கட்டணத்தில் பார்க்கும் நோயாளி என்பதால் அலட்சியமா? சென்னையில் இருக்கும் என் தம்பி, வந்தால் இரண்டே நாளில் அடைத்த குழாயைப் பலூனால் விரித்து அனுப்பிவிடலாம் என்கிறான். இவர் பயந்துபோய் பேசாமல் இருக்கிறார். நானே கையெழுத்துப் போட்டு ஏற்பாடு செய்யலாமா? அன்று காலில் குழாயை எடுத்ததால்தானே இந்த நிலைமை? தினமும் எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறேன், நடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தவர் சொல்லி இறுக்கமான காலுறையும் வாங்கியிருக்கிறேன். வரும் தைப்பூசத்துக்கு வழக்கம்போல் பால்குடம் எடுக்கவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார், விடலாமா?’

அன்புச் சகோதரிக்கு,

உங்களைப் பயமுறுத்தியது அந்த வரியின் முதல் பாதி. நான் முதலில் பார்த்தது இரண்டாம் பாதியை. ‘பாப்லிட்டியல் மீண்டும் நிரம்புகிறது’ என்பது அந்த அறிக்கையிலேயே நல்ல செய்தி. அது ஏன் என்று புரிய, தொடைக்குள் ரத்தம் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் பார்க்கவேண்டும்.

தொடைக்குள் இரண்டு பாதை

கணவரை மல்லாக்கப் படுக்கச் சொல்லுங்கள். வயிறும் தொடையும் சேரும் மடிப்பில், நடுப்பகுதியில் இரண்டு விரலை வைத்துச் சற்று அழுத்தினால் துடிப்பு தெரியும். வயிற்றுக்குள் இருந்து வரும் பெரிய தமனி, அதாவது ரத்தம் கொண்டுவரும் குழாய், அந்த இடத்தில்தான் காலுக்குள் நுழைகிறது. அதற்குப் பொதுத் தொடைத் தமனி என்று பெயர். அதற்கு உட்பக்கமாக, ஒட்டினாற்போல் ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை, வெளிப்பக்கமாக நரம்பு. மூன்றும் பக்கம் பக்கமாக இறங்குகின்றன.

நுழைந்த தமனி நான்கு சென்டிமீட்டர் போனதும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ப்ரொஃபண்டா என்ற ஆழ்தொடைத் தமனி. பின்பக்கமாகத் திரும்பித் தொடைச் சதைக்குள் இறங்கி, வழியெல்லாம் கிளைவிட்டுத் தொடையை ஊட்டுகிறது. மற்றொன்று சூப்பர்ஃபிஷியல் ஃபெமரல், உங்கள் கணவருக்கு அடைத்திருப்பது அதுதான். அது தொடையில் பெரிதாகக் கிளை விடாது. நேராக முழங்காலுக்குப் பின்னால் போய், பாப்லிட்டியல் என்று பெயர் மாறி, கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் ரத்தம் கொண்டு போகிறது. சூப்பர்ஃபிஷியல் என்றால் மேலோட்டமானது என்று நீங்கள் எண்ணியதில் தப்பில்லை, ஆனால் அது தோலுக்கு அடியில் கைக்கு எட்டும் குழாய் அல்ல. தொடையின் கீழ்ப்பாதியில் அது சதைகளுக்கு நடுவே சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய பாதைக்குள் புகுந்து, தசைநாரில் உள்ள ஒரு திறப்பு வழியாக முழங்காலுக்குப் பின்னே வெளிவருகிறது. நடக்கும்போதெல்லாம் அங்கே வளைந்தும் முறுக்கியும் கொடுக்கவேண்டியிருக்கிறது. காலில் கொழுப்பு படிந்து அடைப்பு அடிக்கடி வரும் இடம் அதுதான். அவருக்கும் அங்கேதான்.

தொடையில் அடைப்பு என்றால் ஏன் தொடை வலிக்காமல் கெண்டைக்கால் வலிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ரத்தம் பற்றாத சதைதான் வலிக்கும். தொடைச் சதைக்கு ஆழ்தொடைத் தமனி தடையில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கெண்டைக்காலுக்குப் போகும் பாதை அடைபட்டிருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது கெண்டைச் சதைக்குக் கொஞ்ச ரத்தம் போதும், நடக்கும்போது பல மடங்கு வேண்டும். வேண்டியது வந்து சேராததால் இழுக்கிறது, நின்றதும் சமாளித்துக்கொள்கிறது. முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தினாலும் இப்படி வலி வரும். ஆனால் அது வெறுமனே நின்றால் பெரும்பாலும் போகாது, உட்காரவோ குனியவோ வேண்டும். நின்றாலே போகிறது என்று நீங்கள் எழுதியது முக்கியமான குறிப்பு.

சரி, குழாய் முழுக்க அடைத்திருந்தும் கால் எப்படிப் பிழைத்திருக்கிறது? உங்கள் கணவர் ஓட்டுநர், அவருக்கு இப்படிச் சொல்லுங்கள்: பிஐஇ விரைவுச்சாலையை ஒரு இடத்தில் மூடிவிட்டால் அவர் என்ன செய்வார்? முன்னாலேயே இறங்கி, உள்சாலைகளில் சுற்றி, மூடிய இடத்தைத் தாண்டி மறுபடி ஏறிக்கொள்வார். ஆழ்தொடைத் தமனியின் கிளைகள் தொடை வழியே இறங்கி, முழங்காலைச் சுற்றியிருக்கும் சிறு குழாய் வலையில் சேர்ந்து, அடைப்புக்குக் கீழே பாப்லிட்டியலில் ரத்தத்தை ஊற்றுகின்றன. உங்கள் அறிக்கையின் இரண்டாம் பாதி இதைத்தான் சொல்கிறது.

இது நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1785 டிசம்பரில் லண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர், முழங்காலுக்குப் பின்னால் தமனி பலூன்போல் வீங்கியிருந்த 45 வயதுக்காரர் ஒருவருக்கு, நான் மேலே சொன்ன அதே குறுகிய பாதையில் தொடைத் தமனியைக் கட்டிவிட்டார். வேண்டுமென்றே முழு அடைப்பு! காலை வெட்டி எடுப்பதுதான் அன்று பலருக்கும் தெரிந்த வைத்தியம். அந்த மனிதருக்குக் கால் பிழைத்தது, சுற்றுப்பாதைகள் வேலையை எடுத்துக்கொண்டன. அந்தத் தொடைப் பாதைக்கு இன்றும் ஹன்டர் பெயர் உண்டு. நோயாளி யார் தெரியுமா? குதிரை வண்டி ஓட்டுநர். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், கொஞ்சம் சிரிப்பார்.

அன்று எடுத்த குழாய் வேறு

கணுக்காலின் உட்புற எலும்புக்கு முன்னால் இருந்து முழங்காலின் உட்பக்கமாக ஏறித் தொடைவரை போகும் அந்தத் தழும்பு, பெரிய சஃபீனஸ் சிரையை எடுத்த இடம். உடம்பிலேயே நீளமான சிரை அது. தோலுக்குச் சற்று அடியில் ஓடித் தொடை இடுக்குக்குப் பக்கத்தில் தொடைச் சிரையில் சேரும். சிரையின் வேலை ரத்தத்தைக் காலில் இருந்து இதயத்துக்குத் திருப்பி அனுப்புவது. அந்த வேலையின் பெரும்பங்கைச் சதைக்குள் இருக்கும் ஆழ்சிரைகள் பார்த்துக்கொள்கின்றன. அதனால்தான் சஃபீனஸை எடுத்தாலும் கால் சமாளிக்கிறது. எடுத்த காலில் சில மாதம் வீக்கமும் தழும்பை ஒட்டி மரத்துப்போன உணர்வும் இருக்கலாம், அது அந்த அறுவையின் விளைவு. நடந்தால் வந்து நின்றால் போகும் கெண்டைக்கால் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இப்போது அடைத்திருப்பது காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி. அந்த அறுவை செய்த மருத்துவர்மேல் மனதில் வருத்தம் வைத்திருந்தீர்கள் என்றால் அதை இறக்கிவைக்கலாம்.

ஆனால் அந்த அறுவையில் இருந்து நீங்கள் நினைவில் வைக்கவேண்டிய வேறொன்று இருக்கிறது. பிற்காலத்தில் காலுக்கு பைபாஸ் தேவைப்பட்டால், செயற்கைக் குழாயைவிடச் சொந்தச் சிரைதான் நன்றாக உழைக்கும். கால் போகும் அபாயத்தில் இருந்தவர்களை வைத்து 2022-இல் வெளிவந்த பெஸ்ட்-சிஎல்ஐ என்ற பெரிய ஆய்வில், நல்ல சஃபீனஸ் சிரை கைவசம் இருந்தவர்களுக்கு முதலில் பைபாஸ் செய்தது பலூன், ஸ்டென்ட் (குழாய்க்குள் வைக்கும் வலைச் சுருள்) வகைச் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்தது. உங்கள் கணவரின் இடது காலில் அது இல்லை. வலது காலில் இருந்தால் அது அவருடைய சேமிப்பு. நரம்புச் சுருள் என்று சொல்லி யாராவது வலது காலில் சிரையை எரிக்கவோ எடுக்கவோ முன்வந்தால், ‘இவருக்கு இதய பைபாஸ் ஆகியிருக்கிறது, இடது தொடைத் தமனியில் அடைப்பு இருக்கிறது’ என்பதை முதலில் சொல்லுங்கள்.

கசப்பான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். இதயத்தில் வந்ததும் காலில் வந்ததும் ஒரே நோய். காலில் அடைப்பு உள்ள ஒருவருக்கு, அந்தக் காலை இழப்பதைவிட மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்துதான் அதிகம். நடந்தால் மட்டும் வலிக்கும் நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கால் அடுத்த சில ஆண்டுகளில் அப்படியே இருக்கும், சிலருக்கு மேம்படும். நீரிழிவும் சிகரெட்டும் சேர்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு மாறுகிறது. உங்கள் கணவருக்கு இரண்டும் உண்டு.

நடக்கச் சொன்னது அலட்சியம் அல்ல

உங்கள் மருத்துவர் சொன்னதைத்தான் நானும் சொல்லியிருப்பேன். தனியார் நோயாளியாக வந்து முழுக் கட்டணம் செலுத்துபவருக்கும் இதே அறிவுரைதான் வரவேண்டும். வரவில்லையென்றால் நான் சந்தேகப்படுவேன். புண் இல்லாமல், ஓய்வில் வலி இல்லாமல், நடந்தால் மட்டும் வலிக்கிறவருக்கு முறையான நடைப்பயிற்சியும் மருந்தும் முதல் சிகிச்சை. பயிற்சி செய்தவர்கள் வலியில்லாமல் நடக்கும் தூரம் கணிசமாகக் கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிடைக்கும் ரத்தத்தைக் கொண்டு அதிக வேலை பார்க்கத் தசை பழகுகிறது, சுற்றுப்பாதைகளும் தங்களால் ஆன மட்டும் கைகொடுக்கின்றன.

அதனால் நீங்கள் நல்லெண்ணத்தில் செய்தது, அதாவது நடையைக் குறைத்தது, நேர் எதிரான வேலை. எப்படி நடக்கவேண்டும் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் ‘தினமும் நடங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டால் யாருக்கும் பிடிபடாது. வாரத்தில் மூன்று நாளாவது, ஐந்து நாள் முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், நிற்கும் நேரமும் சேர்த்து. வலி ‘தாங்கலாம், ஆனால் போதும்’ என்ற அளவுக்கு வரும்வரை நடக்கவேண்டும். வலி தொட்டவுடன் நின்றுவிடக்கூடாது. பிறகு நின்று, முழுக்கப் போனதும் மறுபடி நடை. இடையிடையே உட்கார இடம் வேண்டும் என்பதால் புளோக்கின் கீழ்த்தளத்தில் (வாய்ட் டெக்) சுற்றுவதோ, புளோக்குகளை இணைக்கும் கூரை நடைபாதையில் போய்வருவதோ தோதாக இருக்கும், மழைக்கும் பயமில்லை. மார்பில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்தவேண்டும். இதய நோயாளி என்பதால் தொடங்குமுன் அவருடைய இதய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் உடலியக்க மருத்துவர் மேற்பார்வையில் பயிற்சி கிடைக்குமா என்று விசாரியுங்கள், தனியாக நடப்பதைவிட அதில் பலன் கூடுதல். பன்னிரண்டு வாரம் ஆகாமல் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

பலூன் சிகிச்சைக்கு நான் எதிரி இல்லை, வாரம்தோறும் அந்தச் சிகிச்சைக்கு ஆளை அனுப்புகிறவன். ஆனால் இதயக் குழாயில் வைப்பதும் தொடைக் குழாயில் வைப்பதும் ஒன்றல்ல. தொடைத் தமனி நீளமானது, ஒவ்வோர் அடிக்கும் மடங்குவது. நீளமான அடைப்பைத் திறந்தால் ஓர் ஆண்டு இரண்டு ஆண்டில் மறுபடி சுருங்குவது சாதாரணம், ஸ்டென்ட் வைத்தால் அது முறிவதும் உண்டு. தொடை இடுக்கில் ஊசி போட்ட இடத்தில் ரத்தக் கசிவு, சாயமருந்தால் சிறுநீரகத்துக்குச் சிரமம், உடைந்த துகள் கீழே போய் அடைத்துக்கொள்வது எல்லாம் குறைந்த அளவிலான ஆபத்துகள்தான், இருந்தாலும் 17 ஆண்டு நீரிழிவுள்ளவருக்கு நான் அவற்றைப் பொருட்படுத்துவேன். மூன்று மாதம் ஒழுங்காக நடந்தும், மருந்து எடுத்தும், வலியால் வேலையே பார்க்க முடியவில்லை என்றால் அப்போது பலூன் நியாயமான அடுத்த படி. புண்ணோ, ஓய்வில் வலியோ வந்துவிட்டால் மூன்று மாதக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே ரத்த ஓட்டத்தைத் திறக்கவேண்டும்.

சென்னையில் திறமையான மருத்துவர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. என் தயக்கம் வேறு. செய்துவிட்டு வந்த பிறகு நான்காம் மாதம் குழாய் சுருங்கினால் யார் பார்ப்பது? மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புப் பணத்தையும் அங்கே பயன்படுத்த முடியாது.

மாத்திரைகளும் ஐந்து சிகரெட்டும்

மருந்துப் பட்டியலை நீங்கள் எழுதவில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரெலோ ஒன்று இருக்கவேண்டும். பைபாஸ் ஆனவர் என்பதால் ஏற்கனவே இருக்கும். கொழுப்பைக் குறைக்க நல்ல அளவில் ஒரு ஸ்டாட்டின் மாத்திரை இருக்கவேண்டும். இவரைப் போன்றவர்களுக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை லிட்டருக்கு 1.4 மில்லிமோலுக்குக் கீழே கொண்டுபோவதை ஐரோப்பிய வழிகாட்டுதல் இலக்காக வைக்கிறது. கணவருடைய அளவு எவ்வளவு, இலக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ‘கொழுப்பு நார்மல்னு சொன்னாங்க’ என்பது இதய நோயாளிக்குப் போதுமான பதில் இல்லை. கால்வலிக்கென்று சிலோஸ்டசோல் என்ற மாத்திரை உண்டு. நடக்கும் தூரத்தைக் கூட்டும், ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது. ஊரில் இருந்து யாராவது வாங்கி அனுப்பினால் கேட்காமல் தொடாதீர்கள்.

ஒரு பாக்கெட்டில் இருந்து நாளைக்கு ஐந்தாகக் குறைத்துவிட்டார் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த முயற்சி லேசுப்பட்டதல்ல. ஆனாலும் ரத்தக்குழாய்க்கு ஐந்து என்பது இருபதில் கால் பங்கு கேடு அல்ல, அதைவிட வெகு அதிகம். இவருக்கு நான் ஒரே ஒரு காரியம் செய்யலாம் என்றால் பலூனைத் தேர்ந்தெடுக்கமாட்டேன், அந்த ஐந்தை நிறுத்தவைப்பேன். இரவு ஓட்டத்தில் தூக்கம் வராமல் இருக்கப் பிடிக்கிறார் என்றால் அந்த நேரத்தை எப்படிக் கடப்பது என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள், திட்டாமல். புகையை நிறுத்த உதவும் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் க்விட்லைன் தொலைபேசிச் சேவை இருக்கிறது, மருந்தகத்தில் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையும் சூயிங்கமும் மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம். வேப் பக்கம் போகவேண்டாம், இங்கே அது சட்டவிரோதமும்கூட.

எண்ணெய், வெந்நீர், காலுறை

எண்ணெய் தடவுவதால் அடைப்பு கரையாது. வறண்ட பாதத்துக்கும் குதிகால் வெடிப்புக்கும் தடவுவது நல்லதுதான், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கிப் புண்ணாகும். கெண்டைக்காலை அழுத்தி உருவுவதை நிறுத்திவிடுங்கள். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்: நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவது தெரியாது, வெந்த தோல் ஆறுவதற்கான ரத்தமும் இல்லை. இறுக்கக் காலுறை சிரைக் கோளாறுக்கு உதவும் பொருள். அழுத்த ஒப்பீட்டு அளவு 0.62 உள்ள காலில் அதை மாட்டினால், இருக்கிற ரத்தத்தையும் நெருக்கும். பிரிக்காமல் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். இரவு அவர் வந்து குளித்ததும் இரண்டு பாதத்தையும் கைத்தொலைபேசி விளக்கில் பாருங்கள். குதிகால், விரல் நுனி, ஒவ்வொரு விரல் இடுக்கு. பிரேக் மிதிக்கும் வலது பாதத்தில் செருப்பு வார் உரசிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நகம் வெட்டும்போது ஓரத்தைத் தோண்டாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுப் பாதப் பரிசோதனையைத் தவறவிடவேண்டாம்.

தாமதிக்கக்கூடாத நேரங்கள்

கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, வலித்து, மரத்துப்போனால், விரலை அசைக்க முடியாமல் போனால், காலைவரை காத்திருக்காதீர்கள், 995-ஐ அழையுங்கள். சில மணி நேரத்துக்குள் ரத்தம் திறக்கவில்லையென்றால் சதை செத்துவிடும். இரவில் படுத்தால் பாதம் வலித்து, கட்டிலில் இருந்து காலைத் தொங்கவிட்டால் குறைகிறது என்றால், அல்லது தொங்கவிட்ட பாதம் செக்கச்செவேலென்று ஆகிறது என்றால், ‘ரத்தம் நன்றாக வருகிறது’ என்று ஆறுதல் அடையாதீர்கள், நோய் முற்றுகிறது என்பதன் அடையாளம் அது. அப்போதும், விரலில் கறுப்பு நிறமோ சின்னப் புண்ணோ கண்ட போதும், மூன்று மாதத் தேதிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனையை அழைத்து நாளை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சீழோ காய்ச்சலோ இருந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

யார் கையெழுத்து, எங்கே இரண்டாம் கருத்து

கணவர் சுயநினைவோடு, யோசித்து முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்வரை சம்மதம் அவருடையது மட்டும்தான். மனைவி கையெழுத்துப் போட்டு சிகிச்சைக்கு அனுப்ப முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, அவர் சம்மதத்தோடு மருத்துவரைப் பார்க்கும்போது கூடவே உட்காருவது. அவர் பேசாமல் இருக்கிறார் என்றால் அது பயம் மட்டுமாக இருக்காது, வண்டி ஓட்ட முடியாமல் போனால் வருமானம் என்னாகும் என்ற கணக்காகவும் இருக்கும்.

இரண்டாம் கருத்து கேட்பது உங்கள் உரிமை, மருத்துவரை அவமதிப்பதாக ஆகாது. அறிக்கையின் நகலையும் ஸ்கேன் படத்தையும் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம். வேறு பொது மருத்துவமனையில் சலுகைக் கட்டணத்தில் பார்க்கவேண்டுமானால் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போங்கள். ‘இன்ன மருத்துவர்தான் வேண்டும்’ என்று பெயர் சொல்லிக் கேட்டால் தனியார் கட்டணமாகிவிடும், பலருக்கு இது பில் வந்த பிறகுதான் தெரிகிறது. பின்னால் பலூனோ பைபாஸோ தேவைப்பட்டால் மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி இரண்டும் ஒரு வரம்புவரை உதவும், பிள்ளைகளின் மெடிசேவையும் பயன்படுத்தலாம். அதற்கும் மேலே இடித்தால் மருத்துவமனையின் மருத்துவ சமூக சேவகரைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

அடுத்த சந்திப்பில் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. நீண்டகால நீரிழிவில் கணுக்காலில் உள்ள தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடும். அழுத்தக் கருவியால் நெரிக்க முடியாமல், அளவு உண்மையைவிட நல்லதாகக் காட்டும். வலது கால் 0.88 என்பதை அதனால் நான் அப்படியே நம்பமாட்டேன். கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரக அளவும், எச்பிஏ1சி என்ற சில மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பால்குடம் எடுக்கலாமா?

நான் மருத்துவர், நேர்த்திக்கடனில் தலையிடும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று நான்கு கிலோமீட்டர் தாரில் வெறுங்காலோடு நடப்பது இந்தப் பாதத்துக்கு ஆகாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வலி வந்தால் நின்று போகலாம், தூரம் என் கவலை இல்லை. கவலை வெறுங்கால். சூடான சாலையில் ஒரு கொப்புளம், ஒரு சின்னக் கல் குத்திய காயம், உணர்ச்சி குறைந்த பாதத்தில் அவருக்கே தெரியாது, பிறகு ஆறாது. கால்விரலை எடுக்கும் நிலைக்கு வந்த சிலரிடம் ‘எங்கே தொடங்கியது’ என்று கேட்டால் இப்படி ஒரு சின்னக் காயத்தைத்தான் சொல்கிறார்கள். தீமிதி பற்றி அவர் பேச்செடுத்தால் அதற்கும் இதே பதில், இன்னும் அழுத்தமாக.

இந்த ஆண்டு பிள்ளைகளில் ஒருவர் குடம் சுமக்கட்டும், கணவர் நேரே டேங்க் ரோட்டுக்கு வந்து கோயிலில் சேர்ந்துகொள்ளட்டும். இல்லை, கூடவே நடந்துதான் வருவேன் என்றால் விரல் மூடிய, உள்ளே மெத்தென்ற காலணியோடு, குடம் சுமக்காமல் துணைக்கு வரட்டும். கோயிலுக்குள் காலணி கழற்றும் நேரத்துக்குச் சுத்தமான தடித்த காலுறை ஒன்றைப் பையில் வையுங்கள், கோயில் தொண்டூழியரிடம் நீரிழிவுப் பாதம் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். அன்றிரவு இரண்டு பாதத்தையும் கழுவித் துடைத்து விளக்கில் பாருங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காமல் சுத்தமான துணிக்கட்டுப் போட்டு, மறுநாள் காலையே மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

அதுவரை ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு, வலி வருமுன் எவ்வளவு தூரம் நடந்தார், எத்தனை தடவை நின்றார் என்று எழுதிவரச் சொல்லுங்கள். மூன்றாம் மாதச் சந்திப்புக்கு அந்த நோட்டையும் மாத்திரைப் பையையும் எடுத்துப் போங்கள். பலூன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க, மருத்துவருக்கு மறு ஸ்கேனைவிட அந்த நோட்டு உதவும்.